நீச்சல் குளத்து மோட்டாருக்குச் சாணித் தண்ணீர் ஊற்றலாமா?

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மோட்டார் அறையைத் திறந்தேன். எட்டு மணிக்குள் தண்ணீர் சுழலத் தொடங்கிவிடும், ஒன்பது மணிக்குக் குளோரினைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்பது கணக்கு. வீடு போய்ச் சேர்ந்தது ஞாயிற்றுக்கிழமை மதியம்.

ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புக்குள் இரண்டு அறைகள் கொண்ட விருந்தினர் வீடு ஒன்றை நடத்துகிறோம். அதன் பின்புறத்தில்தான் இந்தக் குளம். எட்டு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.2 மீட்டர், ஏறத்தாழ 38,000 லிட்டர் பிடிக்கும். தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் ஜூன் மாதத்தில் மோட்டாரை நிறுத்திப் பூட்டியது. சரஸ்வதி பூஜை விடுமுறைக்கு ஆட்கள் வருகிறார்கள் என்றதும் பூட்டைத் திறந்தேன். இடையில் நான்கு மாதம் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

மோட்டார் 1 எச்.பி., ஒற்றை ஃபேஸ். முன்பக்கம் வலைக்கூடை வைத்த பானை ஒன்று இருக்கும். அதன் மேல் உள்ளே தெரிகிற மாதிரியான திருகுமூடி. மேல்மட்டத்துத் தண்ணீரையும் சருகையும் இழுக்கும் ஸ்கிம்மர், குளத்தின் அடிவடிகால், அடியைக் கூட்டும் வேக்குவம் என்று மூன்று இடங்களிலிருந்து மூன்று குழாய்கள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்வு உண்டு. வால்வுகளைத் தாண்டியதும் மூன்றும் ஒன்றாகி மோட்டாருக்குள் நுழைகின்றன. அங்கிருந்து மணல் ஃபில்டர், மறுபடியும் குளம்.

இந்த ஏற்பாட்டில் ஒரு கோளாறு பிறவியிலேயே உண்டு. மழைத் தண்ணீர் அறைக்குள் வந்துவிடும் என்று கொத்தனார் மேடையை உயர்த்திக் கட்டிவிட்டார். குளத்து நீர்மட்டத்தைவிட மோட்டாரின் வாய் அறுபது சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. மோட்டார் கீழே இருந்திருந்தால் வால்வைத் திறந்ததும் தண்ணீர் தானாக வந்து பானையை நிரப்பியிருக்கும். மேலே இருப்பதால் ஒவ்வொரு நீண்ட ஓய்வுக்குப் பிறகும் அதற்கு நாம்தான் தண்ணீர் வார்க்க வேண்டும். அப்படிச் செய்து உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றுவதை எங்கள் ஊரில் 'ஏர் எடுப்பது' என்பார்கள்.

அறுபது சென்டிமீட்டர்தானே, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதல், அதைக்கூட இழுக்க முடியாதா என்று தோன்றும். முடியாது. உள்ளே சுழலும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லர் எதைத் தள்ளினாலும் அதன் எடையை வைத்துத்தான் அழுத்தத்தை உண்டாக்குகிறது. காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 800 மடங்கு கனமானது. தண்ணீரைப் பன்னிரண்டு மீட்டர் உயரத்துக்குத் தள்ளக்கூடிய மோட்டார், வயிற்றில் வெறும் காற்றோடு ஓடினால் உண்டாக்கும் இழுவை பதினைந்து மில்லிமீட்டர் தண்ணீரைத் தூக்கத்தான் காணும். விரல் நகத்தின் உயரம். அறுபது சென்டிமீட்டர் எங்கே, அது எங்கே!

அதனால்தான் பானையில் தண்ணீர் ஊற்றுகிறோம். இம்பெல்லர் அந்தத் தண்ணீரையும் குழாயிலிருந்து வரும் காற்றையும் கலக்கி நுரையாக மேலே தள்ளுகிறது. நுரையிலிருந்து காற்று பிரிந்து வெளியேறும் குழாய் வழியாகப் போய்விடுகிறது. தண்ணீர் மட்டும் மறுபடி கீழே இறங்கி அடுத்த பிடி காற்றைச் சுமக்கிறது. நாம் ஊற்றும் நான்கு லிட்டரும் காற்றைச் சுமந்துபோகிற கூலியாள்தான். இது நடக்க இரண்டு வசதிகள் வேண்டும். வெளியேறும் காற்றுக்குப் போக வழி இருக்க வேண்டும். உள்ளே புதிதாகக் காற்று வர வழி இருக்கக் கூடாது. முதலாவதை நான் கவனமாகப் பார்த்துக்கொண்டேன். இரண்டாவதில்தான் ஒன்றரை நாள் போயிற்று.

முதலில் குளத்தைப் பார்த்தேன். ஸ்கிம்மர் வாயின் நடுமட்டத்துக்கு நான்கு விரல்கடை கீழே தண்ணீர் நின்றது. இப்படி இருந்தால் ஸ்கிம்மர் தண்ணீரோடு காற்றையும் சேர்த்து விழுங்கும். போர்வெல் குழாயைக் குளத்தில் போட்டு நிரப்பவிட்டேன். ஸ்கிம்மர் கூடையை எடுத்தபோது, வேப்பஞ்சருகுக்கு நடுவில் ஒரு தேரை உட்கார்ந்து, வாடகை கேட்க வந்தவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தது. அதை வாழை மரத்தடியில் விட்டுவிட்டு வந்தேன்.

அறைக்குள் மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்சை இறக்கிவிட்டு, பானை மூடியைத் திருகி எடுத்தேன். கூடையில் தென்னம்பூச் செதில்கள் கெட்டியாக அடைந்திருந்தன. தோப்புக்குள் குளம் வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: குரும்பையைக் கூடை பிடித்துக்கொள்ளும், பூச்செதில் கூடையின் கண் வழியாக நழுவி இம்பெல்லருக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். மின்சாரம் நின்றிருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டு, பானையின் பின்துளைக்குள் விரலை விட்டுத் துழாவினேன். நினைத்தபடியே இருந்தது. கம்பியை வளைத்துக் கொக்கியாக்கி, ஒரு பிடி செதிலை இழுத்துப் போட்டேன்.

மூடியின் ரப்பர் வளையம், அதாவது ஓ-ரிங், நான்கு மாதம் ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்ததில் தட்டையாகியிருந்தது. வெடிப்பு ஏதுமில்லை. வெந்நீரில் கழுவி, அது உட்காரும் பள்ளத்தில் இருந்த மணலைத் துணியால் துடைத்து, சிலிக்கான் கிரீஸை மெல்லிசாகத் தடவி வைத்தேன். முன்பெல்லாம் வீட்டில் இருக்கும் பெட்ரோலியம் ஜெல்லியைத்தான் தடவுவேன். சில வகை ரப்பரை அது உப்ப வைத்துவிடும். ஓ-ரிங் ஒன்று பாயசத்தில் ஊறிய சேமியாவாக மாறிய பிறகு அந்தப் பழக்கத்தை விட்டேன்.

அடுத்து, ஃபில்டருக்கு வரும் தண்ணீர் எந்த வழியில் போக வேண்டும் என்று மாற்றிவிடும் மல்டிபோர்ட் வால்வு. ஃபில்டர், பேக்வாஷ் (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு மணலைக் கழுவுவது), ரின்ஸ் (அலசுவது), வேஸ்ட், ரீசர்குலேட், க்ளோஸ்டு என்று ஆறு நிலைகள். ஏர் எடுக்கும்போது ரீசர்குலேட்டில் வைத்தால் தண்ணீர் மணலுக்குள் போகாமல் நேராகக் குளத்துக்குத் திரும்பும். காற்று தடையின்றி வெளியேறும். இந்தக் கைப்பிடியை மோட்டார் ஓடும்போது திருப்பவே கூடாது. உள்ளே சக்கர ஆரம்போல இருக்கும் கேஸ்கெட் அழுத்தத்தில் பிய்ந்துவிட்டால், பேக்வாஷ் தண்ணீர் போக வேண்டிய குழாயில் குளத்து நல்ல தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருக்கும். ஃபில்டரின் மேல் இருக்கும் காற்றுத் திருகையும் தளர்த்தி வைத்தேன்.

தண்ணீர் ஊற்றுவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வால்வுகள் திறந்திருக்கும்போது ஊற்றினால் பானையின் பாதிவரைதான் நிரம்பும். குழாய் வாயை எட்டியதும் ஊற்றுகிற அத்தனையும் குழாய் வழியே இறங்கிக் குளத்துக்குப் போய்விடும். மூன்று வால்வுகளையும் மூடிவிட்டு ஊற்றினால் வால்வுவரை குழாயும் நிரம்பி, பானையும் தளும்பும். பிறகு மூடியைக் கையால் இறுக்கி, மோட்டாரைப் போட்டவுடன் ஸ்கிம்மர் வால்வைத் திறக்க வேண்டும். ஊற்றி முடித்தபோது குழாயும் பானையும் சேரும் இடத்தில் ஈரம் கசிந்திருந்தது. ஊற்றும்போது சிந்தியிருக்கும் என்று துணியால் துடைத்தேன். அந்த ஈரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நான் வைத்துக்கொள்ளவில்லை.

சுவிட்சைப் போட்டதும் மோட்டார் 'உம்' என்று உறுமியதே தவிரச் சுற்றவில்லை. உடனே அணைத்தேன். உறுமலோடு விட்டுவைத்தால் மோட்டாரின் கம்பிச்சுருள் கருகிவிடும். ஒன்று கெப்பாசிட்டர் போயிருக்க வேண்டும், இல்லையென்றால் தண்டு இறுகியிருக்க வேண்டும். பின்பக்க விசிறி மூடியின் நடுவே தண்டின் முனை தெரியும். அதில் ஸ்குரூடிரைவர் நுழையும் அளவுக்கு ஒரு வெட்டு இருக்கும். அதில் வைத்துத் திருப்பியபோது முதலில் அசையவில்லை; பிறகு 'கிறுக்' என்று விட்டுக்கொடுத்தது. பத்துச் சுற்று கையாலேயே சுற்றிவிட்டு மறுபடி போட்டேன். ஓடியது.

ஓடியது என்றால் ஓடியது, அவ்வளவுதான். மூடி வழியாகப் பார்த்தால் பானைக்குள் தண்ணீர் சுழன்று நுரைத்ததே தவிர, குழாயிலிருந்து ஒரு சொட்டுகூட வந்து சேரவில்லை. உள்ளே கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல ஒரு சத்தம். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு நிறுத்தினேன். மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவே தண்டைச் சுற்றி, தண்ணீர் மோட்டாருக்குள் போகாமல் தடுக்க, மெக்கானிக்கல் சீல் என்று ஒன்று இருக்கிறது. கார்பன் முகம் ஒன்றும் பீங்கான் முகம் ஒன்றும் உரசிக்கொண்டே சுற்றும். நடுவில் இருக்கும் மெல்லிய தண்ணீர்ப் படலம்தான் அவற்றுக்கு எண்ணெய். தண்ணீர் இல்லாவிட்டால் சில நிமிடங்களிலேயே சூடேறிப் பாழாகும். ஆகவே இரண்டு, மிஞ்சினால் மூன்று நிமிடம். வரவில்லையென்றால் நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி நிரப்பித்தான் போட வேண்டும்.

இரண்டாவது முறையும் அதே கதை. மூன்றாவது முறை பானையில் பாதிவரை தண்ணீர் ஏறியது. குளத்துக்குத் திரும்பும் வாயில் சோடா பொங்குவதுபோலக் குமிழிகள். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. கால் மணி நேரம் ஓடியும் பானை நிரம்பாததால் அணைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், பானையில் குழாய் வாய்க்கு மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

பொள்ளாச்சியில் மோட்டார் விற்கும் ஒரு கடைக்குத் தொலைபேசியில் கேட்டேன். நான் பாதி சொல்வதற்குள், "பம்ப் வீக் ஆகிவிட்டது, மாற்றிவிடுங்கள்" என்று பதினெட்டாயிரம் ரூபாய்க்கு விலையும் சொல்லிவிட்டார்கள். சுற்றுகிற மோட்டார், பாதிப் பானை தண்ணீரைத் தூக்கிய மோட்டார், எப்படி வீக் ஆகும் என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

அப்போதுதான் தோப்பைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் வந்து எட்டிப் பார்த்தார். "தம்பி, கொஞ்சம் சாணி கரைத்துக் கொண்டு வரட்டுமா?" என்றார். சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

எங்கள் அப்பா காலத்துக் கிணற்று மோட்டார்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். காற்றுமண்டலத்தின் அழுத்தம் தண்ணீரை 10.3 மீட்டருக்கு மேல் தூக்காது. நடைமுறையில் ஏழு மீட்டர் கிடைத்தாலே பெரிது. ஆகவே கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் திட்டு வெட்டி அங்கே மோட்டாரை இறக்கி வைப்பார்கள். குழாயின் அடியில், தண்ணீரை மேலே மட்டும் விடும் ஃபுட் வால்வு, அதற்குள் ஒரு தோல் வாஷர். தோல் தேய்ந்துவிட்டால் ஊற்றுகிற தண்ணீரெல்லாம் அடிவழியாகக் கிணற்றுக்கே போய்விடும். அப்பா சாணியைக் குடத்தில் கரைத்து ஊற்றுவார். நார்நாராக இருக்கும் அந்தக் கரைசல் தோலின் இடுக்கில் போய் அடைத்துக்கொள்ளும், குழாயில் தண்ணீர் நிற்கும், மோட்டார் இழுக்கும். முதலில் வரும் தண்ணீர் பச்சையாக வந்து வாய்க்காலில் விழுவது இன்னும் கண்ணில் நிற்கிறது. நீர்மூழ்கி மோட்டார்கள் வந்தபிறகு குடமும் போயிற்று, அந்தக் கைப்பழக்கமும் போயிற்று.

நீச்சல் குளத்தில் சாணியைக் கரைத்தால் விருந்தினர்கள் என்ன சொல்வார்கள் என்பது ஒருபக்கம் இருக்கட்டும். ஆனால் பெரியவர் அடுத்துச் சொன்னது சரியான பேச்சு. "ஊற்றிய தண்ணீர் நிற்கவில்லையென்றால் எங்கேயோ ஓட்டை என்றுதானே தம்பி அர்த்தம்? நீங்கள் ஊற்றிக்கொண்டே இருக்கிறீர்கள்."

உண்மைதான். குழாய் முழுதும் காற்றுப் புகாமல் இருந்தால், மோட்டாரை நிறுத்தினாலும் தண்ணீர் கீழே இறங்காது. இளநீர்க் குழலை உறிஞ்சி, மேல்முனையை விரலால் அடைத்தால் உள்ளே இளநீர் நிற்குமே, அதே சங்கதி. விரலை எடுத்தால்தான் இறங்கும். என் குழாயில் எங்கோ விரல் எடுபட்டிருக்கிறது. இழுக்கும் பக்கத்து ஓட்டையில் இன்னொரு மாயம்: ஓடும்போது தண்ணீர் ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். தரை உலர்ந்தே இருப்பதால் கண்ணுக்கு அகப்படாது.

எந்தக் குழாய் என்று பிரித்துப் பார்த்தேன். மறுபடி நிரப்பி, ஸ்கிம்மரை மூடிவிட்டு அடிவடிகாலை மட்டும் திறந்து ஓட்டினேன். அதே குமிழிகள். அதை மூடி ஸ்கிம்மரை மட்டும் திறந்தேன். மாற்றமில்லை. குழாயை மாற்றியும் குமிழி மாறவில்லையென்றால் கோளாறு பொதுவான இடத்தில், அதாவது வால்வுகளுக்கும் மோட்டாருக்கும் நடுவே இருக்கும் ஒன்றரை முழத்துக்குள் இருக்க வேண்டும். குளத்தைச் சுற்றிப் பதித்த ஓடுகளை உடைக்க வேண்டியிராது என்று தெரிந்ததும் பாதி உயிர் வந்தது.

பூஜை அறையிலிருந்து ஊதுபத்தியை எடுத்துவந்து ஒவ்வொரு இணைப்பாகக் காட்டினேன். ஓட்டை இருக்கும் இடத்தில் புகை உள்ளே இழுபட வேண்டும். ஆனால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் ஊருக்குள் நுழைய யாரையும் கேட்பதில்லை. புகை எல்லாத் திசையிலும் ஓடியது. அறை மணந்ததுதான் மிச்சம்.

பிறகு சவர நுரை. மூடியின் விளிம்பு, வால்வுத் தண்டுகள், குழாய் ஒட்டுகள், கடைசியாகக் குழாய் பானைக்குள் திருகப்பட்டிருக்கும் மரை என்று எல்லா இடத்திலும் வெண்ணெய் பூசுவதுபோலப் பூசிவிட்டு மோட்டாரைப் போட்டேன். முக்கால் நிமிடம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு மரையின் அடிப்பக்கத்தில், பெரியவர்தான் முதலில் பார்த்தார், நுரையில் கடுகளவு ஒரு குழி விழுந்தது. குழி மிளகளவானது. சுற்றியிருந்த நுரை அதை நோக்கி மெல்லச் சரிந்து, நடுவில் கருப்பாக ஒரு கோடு தெரிந்தது. மோட்டாரை நிறுத்தி, குழாயைக் கையால் பிடித்து லேசாகத் திருகினேன். பானைக்குள் இறுகி நிற்க வேண்டிய மரை, தளர்ந்த பல்லைப்போல ஆடியது. காலையில் நான் துடைத்த ஈரம் இருந்த அதே இடம்.

ஏன் தளர்ந்தது என்பதற்கு வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை. ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் கூடையைச் சுத்தம் செய்ய எல்லா வால்வையும் மூடினேன், திறக்க மறந்து மோட்டாரைப் போட்டேன், தொலைபேசி வந்தது, பேசி முடிக்க அரை மணிக்கு மேல் ஆயிற்று. போக வழியில்லாமல் உள்ளேயே சுழன்ற தண்ணீர் கொதிநிலைக்குப் போய்விட்டது. சாதாரண பிவிசி 60 டிகிரி செல்சியசுக்கு மேல் நம்பத்தக்கதல்ல. 80 டிகிரி நெருங்கும்போது இளகும். இளகிச் சுருங்கிய மரை, ஆறியபோது சுருங்கியபடியே நின்றுவிட்டது. சீல் தப்பியது என் அதிர்ஷ்டம். ஏப்ரலுக்குப் பிறகுதான் திரும்பும் வாயில் குமிழிகள் வரத் தொடங்கின. விருந்தினர்களின் குழந்தைகள் அதில் முதுகைக் காட்டி விளையாடினார்கள். அதைப் பார்த்து நானும் ஏதோ கூடுதல் வசதி கிடைத்துவிட்டது என்று இருந்துவிட்டேன். தினமும் ஓடியவரை மோட்டார் எப்படியோ சமாளித்திருக்கிறது. நான்கு மாதம் காய்ந்து கிடந்ததில் மரையில் சுற்றியிருந்த டேப்பும் கைவிட்டுவிட்டது.

மாலை பொள்ளாச்சிக்குப் போய் 63 மில்லிமீட்டர் குழாய்க்கான எம்.டி.ஏ. என்கிற மரை வைத்த இணைப்பு ஒன்றும், கழற்றி மாட்டக்கூடிய யூனியன் ஒன்றும், டெஃப்லான் டேப்பும், குழாய் ஒட்டும் சொல்யூஷன் டப்பாவும் வாங்கினேன். ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. ஆக்ஸா பிளேடால் பழைய குழாயை நேராக வெட்டி, பிசிறைச் சுரண்டி எடுத்தேன். புது மரையில் திருகும் திசையிலேயே டேப்பை ஏழு சுற்று சுற்றினேன். எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போது சுருண்டு வெளியே வந்துவிடும். கையால் இறுகும்வரை திருகி, அதன்பிறகு ரெஞ்சால் ஒரு சுற்றுக்கும் குறைவாகத்தான் திருப்பினேன். பானையும் பிளாஸ்டிக்தான், பலத்தைக் காட்டினால் அது பிளக்கும். யூனியன் போட்டது அடுத்த முறை பிளேடைத் தேடாமல் இருக்க. சொல்யூஷன் ஒட்டியதும் மோட்டாரைப் போட்டுப் பார்க்கக் கை பரபரத்தது. பெரியவர் அறையைப் பூட்டிச் சாவியை மடியில் சொருகிக்கொண்டு, "காலையில் பார்க்கலாம் தம்பி" என்று போய்விட்டார்.

ஞாயிறு காலை ஏழே கால். மூன்று வால்வுகளையும் மூடி, பானையை நிரப்பினேன். மரையைச் சுற்றிக் காகிதத்தை வைத்து ஐந்து நிமிடம் பார்த்தேன், நனையவில்லை. மோட்டாரைப் போட்டு ஸ்கிம்மரைத் திறந்தேன். கூழாங்கல் சத்தம். பத்து விநாடி, இருபது விநாடி. முப்பத்தைந்தாவது விநாடியில் குழாய் வாயிலிருந்து கலங்கிய தண்ணீர் ஒரு வீச்சாக வந்து மூடியின் உட்புறத்தில் அறைந்தது. இரண்டு மூன்று பெரிய குமிழிகள் உருண்டு போயின. சத்தம் சட்டென்று தணிந்து, சீரான முனகலாக மாறியது. பானை விளிம்புவரை கண்ணாடியாக நின்றது.

மீதி வேலை வழக்கமானதுதான். நிறுத்தி, பேக்வாஷில் வைத்து மூன்று நிமிடம். நான்கு மாத அழுக்கு தேநீர் நிறத்தில் போனது. நிறுத்தி, ரின்ஸில் ஒரு நிமிடம். நிறுத்தி, ஃபில்டரில் வைத்தேன். காற்றுத் திருகிலிருந்து சீறல் அடங்கித் தண்ணீர் பீய்ச்சியதும் அதை இறுக்கினேன். அழுத்தம் காட்டும் கேஜ் 0.6 பாரில் நின்றது. இது சுத்தமான ஃபில்டரின் அளவு என்று சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கிறேன்; 1.2 பாரை நெருங்கினால் மறுபடி பேக்வாஷ். மணிக்கு ஒன்பதாயிரம் லிட்டர் என்று வைத்துக்கொண்டால் குளத்துத் தண்ணீர் ஒரு முறை சுழன்றுவர நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். முதல் நாள் என்பதால் ஒன்பது மணி நேரம் ஓடட்டும் என்று விட்டேன். பி.எச். 7.4 இருந்தது, குளோரினைச் சாயங்காலம் வெயில் தாழ்ந்தபிறகு போடச் சொன்னேன்.

திரும்பும் வாயில் இப்போது ஒரு குமிழிகூட இல்லை. பூஜைக்கு வரும் குழந்தைகள் கேட்டால் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை பெரியவரை அழைத்து, இரவு முழுதும் மோட்டார் நின்றிருந்ததே, பானையில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். போய்ப் பார்த்துவிட்டுத் திரும்ப அழைத்தார். "விளிம்புவரை நிற்கிறது தம்பி. தேரைதான் மறுபடி கூடைக்கு வந்துவிட்டது."